சந்தேகத்தின் பலன் யாருக்கு?

பிள்ளைக்கு உடம்பில் ஒரு குறை என்றால் நம் வீடுகளில் விசாரணை உடனே தொடங்கிவிடும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் பெற்றவள். கிரகணத்தன்று வெளியே வந்தாயா? கத்தியைத் தொட்டாயா? பப்பாளி தின்றாயா? குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் ரயிலேறி இங்கே வந்துவிட்டாயா? சாட்சி வேண்டாம், சான்று வேண்டாம். கேள்வி முடிவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அந்தக் குறை ஆண் குழந்தையின் பிறப்புறுப்பில் இருந்துவிட்டாலோ, தீர்ப்பு வாசலைக்கூடத் தாண்டாது. அண்டை வீட்டாருக்குத் தெரியக்கூடாது, நாளைக்கு எவன் பெண் கொடுப்பான் என்று மூடி மறைப்பார்கள். டாக்டரிடம்கூடக் காட்ட மாட்டார்கள்.

இதே நாட்டில் மருந்துக் கம்பெனிக்கு வேறொரு நீதி இருக்கிறது. அங்கே சாட்சி வேண்டும், சான்று வேண்டும், அதற்குமேல் சான்று வேண்டும். இந்த மாத்திரையால்தான் இந்தக் குழந்தைக்கு இப்படி ஆயிற்று என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும்வரை கம்பெனி நிரபராதி. சந்தேகத்தின் பலன் அதற்கே. இந்த இரண்டு நீதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். விஷயம் கொஞ்சம் கூச்சமானது. ஆனால் கூச்சத்தால் நாம் இழந்தது போதும்.

பழைய தலைமுறைத் தாய்மார்களுக்கு நினைவிருக்கும். 1970-களிலும் 80-களின் பெரும் பகுதியிலும், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரு பெண் போய்ச் சொன்னால், பல இடங்களில் மருந்துக் கடைக்காரரே இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுத்துவிடுவார். சில இடங்களில் ஊசி. ‘இ.பி. ஃபோர்ட்’ என்பது அவற்றில் பேர்போனது. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்டிரோன் என்ற இரு பெண் ஹார்மோன்களின் செயற்கை வடிவங்களை அதிக அளவில் சேர்த்துச் செய்த மருந்துகள் இவை. மாத்திரை போட்டுச் சில நாட்களில் உதிரம் பட்டால் கர்ப்பமில்லை. படாவிட்டால் முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். அதாவது, கர்ப்பம் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காக, கர்ப்பம் இருக்கக்கூடிய வயிற்றுக்குள்ளேயே ஹார்மோனைச் செலுத்திப் பார்ப்பது. இதற்குச் சோதனை என்று பெயர்!

வேறு வழி இல்லாமலா இப்படிச் செய்தார்கள்? இல்லை. சிறுநீரைக் கொண்டே கர்ப்பத்தைக் கண்டறியும் ரசாயனச் சோதனை 1960-லேயே வந்துவிட்டது. அதற்கும் முன்னால் பெண்ணின் சிறுநீரை ஒருவகைத் தவளைக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள்; தவளை முட்டையிட்டால் கர்ப்பம். அந்தச் சோதனையில் தவளைகூடப் பிழைத்துக்கொண்டது, மறுபடியும் பயன்பட்டது.

நம் நாட்டில் விவகாரம் இன்னும் மோசமானது. சோதனைக்கு என்று விற்ற மாத்திரையைக் கர்ப்பத்தைக் கலைக்கும் மாத்திரை என்று மக்கள் நம்பினார்கள். விற்றவர்களில் பலர் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை. உண்மையில் அது கர்ப்பத்தைக் கலைக்காது. இரண்டு போட்டும் உதிரம் படவில்லையே என்று இன்னும் இரண்டு, அப்புறம் ஓர் ஊசி. 1971-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்துவிட்டதுதான். ஆனால் கூலி வேலைக்குப் போகிற பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, பாஷை தெரியாத ஊரில், நாலு பேர் நடுவே தன் கதையைச் சொல்வதைவிட மருந்துக் கடை சுலபமாக இருந்தது. அவளை யார் குறை சொல்ல முடியும்?

அந்த வயிற்றுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கருவில் ஆணும் பெண்ணும் ஒரே வடிவில்தான் தொடங்குகிறார்கள். தந்தையிடமிருந்து ஒய் குரோமோசோம் வந்திருந்தால், கரு தரித்து ஆறு ஏழு வாரங்களில் விதைகள் உருவாகத் தொடங்கும். ஒய் குரோமோசோம் வேலையைத் தொடங்கி வைக்கிறது. மிச்சத்தைச் செய்வது ஹார்மோன். குண்டுமணி அளவுகூட இல்லாத அந்த விதை எட்டாவது வாரம் வாக்கில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க, அதன் கட்டளைப்படி ஆணுறுப்பு வளர்கிறது. அதன் அடிப்பக்கம் திறந்த வாய்க்கால்போல் இருக்கும். இரு கரைகளும் அடியிலிருந்து நுனிவரை, பையின் வாயைத் தைப்பதுபோல், மூடிக்கொண்டே வரும். பதினான்காவது வாரம் வாக்கில் இந்த வேலை முடிந்துவிடும். இந்த ஆறு ஏழு வாரத்தில் கட்டளை பலவீனப்பட்டால் தையல் பாதியில் நின்றுவிடும். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் எங்காவது இருக்கும். இதை டாக்டர்கள் ஹைப்போஸ்பேடியாஸ் என்பார்கள். விதைகளும் முதலில் வயிற்றுக்குள் சிறுநீரகத்தின் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஹார்மோன் ஏவலால் மெல்ல இறங்கி, ஏழாம் மாதத்துக்குப் பிறகு பைக்குள் வந்து சேர வேண்டும்.

தாயின் உடம்பில் இயற்கையாகவே ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதே, அது ஆண் கருவைக் கெடுப்பதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இயற்கை ஹார்மோனைப் பிடித்துக் கட்டி வைக்கிற புரதம் இரத்தத்தில் இருக்கிறது. செயற்கையாகச் செய்த ஈஸ்ட்ரோஜன்களை அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஈரலும் அவற்றை எளிதில் சிதைப்பதில்லை. வெளியிலிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் கருவிலிருக்கும் விதையின் சுரப்பை அடக்கிவிடும் என்பதை எலிகளை வைத்துச் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன.

நாள் கணக்கையும் பாருங்கள். ஒரு மாதம் தள்ளிப்போனதுமே வருகிறவளின் கருவில் அந்த உறுப்புகள் இன்னும் தொடங்கவில்லை. இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் காலம் அது. இரண்டு மாதம், மூன்று மாதம் பார்த்துவிட்டு, பயந்து, பணம் சேர்த்து, திரும்பத் திரும்ப மாத்திரை வாங்கியவளுடைய கருவோ சரியாக அந்த எட்டிலிருந்து பதினான்கு வாரத்துக்குள் இருக்கிறது. தாமதமாக வருகிறவள் யார்? விடுப்பு கிடைக்காதவள், கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் அம்மாவோ அக்காவோ இல்லாதவள். ஊரை விட்டுப் பிழைக்க வந்த நம் பெண்கள்தான்.

மனிதரில் இதற்குச் சான்று உண்டா? உண்டு, ஓர் அண்ணன் மருந்தைப் பற்றி. டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ். 1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன். அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை, ஆகவே மலிவு, ஆகவே கண்ட கம்பெனியும் தயாரித்தது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று 1947-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டி.இ.எஸ்., மறு பிரிவுக்கு வெறும் மாத்திரை கொடுத்து வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? மருந்தால் ஒரு பயனும் இல்லை. தாங்கள் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது தங்களுக்குத் தெரியாது என்று அந்தத் தாய்மார்களில் சிலர் பிற்பாடு வழக்கும் தொடுத்தார்கள். பயனில்லை என்று தெரிந்த பிறகும் பதினெட்டு ஆண்டுகள் அது கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1971-ல், அதை உட்கொண்ட தாய்மார்களின் இளம் மகள்களுக்குப் பிறப்புறுப்பில் ஓர் அரிய புற்றுநோய் வருவதை பாஸ்டன் மருத்துவர்கள் கண்டு சொன்ன பின்னரே அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காதே என்று எச்சரித்தது.

மகள்களைப் பற்றி உலகம் பேசியது. மகன்களைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. அந்தச் சிகாகோத் தாய்மார்களின் மகன்களை 1970-களில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். டி.இ.எஸ். பெற்றவர்களின் மகன்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேருக்கு விதைப் பகுதியில் நீர்க்கட்டி, சிறுத்த விதை போன்ற ஏதாவதொரு குறை இருந்தது. வெறும் மாத்திரை பெற்றவர்களின் மகன்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். விதை இறங்காமல் போனதும் அந்த மகன்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. நல்ல வேளையாக, அவர்களில் பெரும்பாலோர் பிற்காலத்தில் தகப்பனாவதற்குத் தடை இருக்கவில்லை என்று 1995-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும். பயமுறுத்தி அரசியல் செய்வது நம் வேலையல்ல.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிகாகோவில் யாருக்கு எந்த மாத்திரை என்று எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் இருபது ஆண்டு கழித்தும் மகன்களைத் தேடிப் பிடிக்க முடிந்தது. இந்தியாவில் இ.பி. மாத்திரை விழுங்கிய பெண்கள் எத்தனை பேர்? எந்தக் கடை, எந்தக் கம்பெனி, எத்தனை வேளை? துண்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரைக்குப் பில் ஏது? 1980-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெண்ணின் வழக்கு வந்தது. தன் தாய் விழுங்கிய டி.இ.எஸ். மாத்திரையை எந்தக் கம்பெனி செய்தது என்று அவளால் காட்ட முடியவில்லை. அப்படியானால் அந்தச் சந்தையில் யார் யார் எவ்வளவு விற்றார்களோ, அந்த விகிதத்தில் இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்கட்டும் என்றது நீதிமன்றம். சந்தேகத்தின் பலன் அன்று ஒருமுறை பாதிக்கப்பட்டவள் பக்கம் திரும்பியது.

நம் நாட்டில் நடந்தது வேறு. மருத்துவர்களும் பெண்கள் அமைப்புகளும் நுகர்வோர் இயக்கங்களும் விடாமல் குரல் கொடுத்ததன் பேரில், 1982-ல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி இந்த அதிக அளவு ஹார்மோன் கலவைகளைத் தடை செய்தார். கம்பெனிகள் சும்மா இருக்குமா? பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களுக்குப் போய்த் தடைக்கே தடை வாங்கின. தடையுத்தரவு காகிதத்தில் தூங்கியது. மாத்திரை கடையில் விழித்திருந்தது. இந்திய தன்னார்வ நல்வாழ்வுச் சங்கம், மெடிகோ ஃபிரெண்ட் சர்க்கிள், அகில இந்திய மருந்து நடவடிக்கைக் குழு போன்றவை சலிக்காமல் போராடின. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 1987-ல் பொது விசாரணை நடந்தது. மாதவிலக்குக் கோளாறுக்கு இந்த மருந்து தேவை என்றும், கேடு நிரூபணமாகவில்லை என்றும் அங்கே வாதாடியவர்கள் இருந்தார்கள். 1988 ஜூனில் தடை ஒருவழியாக நடைமுறைக்கு வந்தது. முதல் தடைக்கும் இரண்டாம் தடைக்கும் இடையே ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளின் லாபம் யாருக்குப் போனது என்பது தெரியும். அதன் நஷ்டம் எந்தெந்த வீட்டுத் தொட்டிலில் கிடந்தது என்பதை எண்ண ஒரு கணக்குப்பிள்ளைகூட நியமிக்கப்படவில்லை.

பிரிட்டனில் இதே வகை மாத்திரை ‘ப்ரைமோடோஸ்’ என்ற பெயரில் விற்றது. இசபெல் கால் என்ற பெண் மருத்துவர் 1967-லேயே எச்சரித்தார். 1978-ல்தான் சந்தையிலிருந்து போயிற்று. 2017-ல் அரசு அமைத்த நிபுணர் குழு, பிறவிக் குறைகளுக்கு மாத்திரைதான் காரணம் என்று கொள்ளச் சான்று போதாது என்றது. 2020-ல் கம்பர்லெஜ் சீமாட்டியின் தலைமையில் நடந்த விசாரணையோ கேள்வியையே மாற்றிக் கேட்டது: 1967-ல் சந்தேகம் எழுந்தபோதே, அதைவிடப் பாதுகாப்பான சோதனை கையில் இருந்தபோதே, ஏன் நிறுத்தவில்லை? 1967-க்குப் பிறகு அது கிடைத்திருக்கவே கூடாது என்று அந்த அறிக்கை சொல்லிற்று. என் கட்சியும் அதுதான். ஒவ்வொரு குழந்தையின் குறைக்கும் மாத்திரைதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை, சாதிக்கவும் முடியாது. தேவையே இல்லாத ஒரு மருந்துக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்தது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

தடை வந்துவிட்டதே, பழங்கதை எதற்கு என்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

திருவிழா, கல்யாணம், சபரிமலைக்குப் போகிறவர் வீட்டுப் பூஜை, ஊருக்கு ரயில் பயணம். இவற்றுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் பெண்கள் மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது நார்எதிஸ்டிரோன். பழைய சோதனை மாத்திரைகளில் இருந்த அதே புரொஜெஸ்ட்டின். டாக்டர் சீட்டு இல்லாமல் இத்தகைய ஹார்மோன்களைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. விதியைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் மாத்திரையை வெட்டிக் கொடுப்பார். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் புரொஜெஸ்ட்டின் எடுத்த தாய்மாரின் ஆண் குழந்தைகளிடம் ஹைப்போஸ்பேடியாஸ் கூடுதலாகக் காணப்பட்டதாக 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பெண் கருவை இது ஆண் தன்மைப்படுத்தக்கூடும் என்பது 1950-களிலேயே மருத்துவர்கள் கண்டது. ஒரே ஒரு ஸ்ட்ரிப் போட்டவர்கள் இதைப் படித்து நடுங்க வேண்டாம். தெரியாமல் ஆரம்ப வாரங்களில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையைத் தொடர்ந்தவர்களின் குழந்தைகளுக்கும் பிறவிக் குறை கூடவில்லை என்று பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. கருச்சிதைவு அபாயத்துக்காக டாக்டர் எழுதித் தரும் மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. நாள் தள்ளியிருக்கும்போது முதலில் சிறுநீர்ச் சோதனை, அப்புறம்தான் எந்த மாத்திரையும். அந்தச் சோதனைப் பட்டை இன்று எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் காசில்லாமலே பார்க்கலாம்.

இரண்டாவது விஷயம் டெல்லி, ஹரியானா, பஞ்சாப் பக்கம் பிழைக்கப் போன குடும்பங்களுக்கு. அங்கே ஆண் குழந்தை பிறப்பதற்கென்று ஒரு ‘தவாயி’ உண்டு. நாட்டு மருந்து என்று பெயர். கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்தில் கொடுப்பார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு தரித்த நிமிஷமே தந்தையின் விந்தணுவால் முடிவாகிவிட்டது. இரண்டாம் மாதத்தில் எந்தச் சாமியும் எந்தச் சூரணமும் அதை மாற்ற முடியாது. ஆனால் உறுப்பு உருவாகிற வாரங்களில் போகிற சூரணம் சும்மா போவதில்லை. 2010-களில் ஆய்வாளர்கள் அந்த மருந்துகளைச் சோதித்தபோது, ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் தாவரப் பொருட்களும், ஈயம், பாதரசம் போன்ற நச்சு உலோகங்களும் இருந்தன. அதைத் தின்ற தாய்மாருக்குக் குறையுள்ள குழந்தைகள் கூடுதலாகப் பிறந்ததையும் ஹரியானாவில் கண்டார்கள். மகன் வேண்டும் என்று கொடுத்த மருந்தே மகனின் ஆண்மைக்கு எமனாகக்கூடும்! பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு, கொட்டிவிடுங்கள்.

இனி, ஏற்கனவே பிறந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளிலேயே நூற்றுக்கு மூன்று பேர் வரை விதை இறங்காமல் பிறக்கிறார்கள். மிகப் பெரும்பாலானவர்களுக்கு மருந்தும் காரணமல்ல, கிரகணமும் காரணமல்ல; காரணம் என்னவென்றே தெரிவதில்லை. பலருக்குச் சில மாதங்களில் தானே இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் பையில் விதை தட்டுப்படவில்லை என்றால் குழந்தை அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக்குள் சிறிய ஆபரேஷன். தள்ளிப்போட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றுக்கும் கேடு, புற்றுநோய் அபாயமும் கூடும். சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருந்தால் அதையும் ஆபரேஷனால் சரிசெய்கிறார்கள். நம்மில் இஸ்லாமியத் தோழர்களின் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அப்படிப்பட்ட பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் சுன்னத் செய்துவிடாதீர்கள். அந்த முன்தோலைக் கொண்டுதான் துவாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். முன்பே வெட்டி எறிந்துவிட்டால் டாக்டருக்குத் தையலுக்குத் துணி இல்லாமல் போய்விடும்.

மத்திய அரசு 2013-ல் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்று பெயர். பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயதுவரை பரிசோதித்து, குறை கண்டால் இலவசச் சிகிச்சைக்கு அனுப்புவது. நல்ல திட்டம்தான், அங்கன்வாடிக்கும் முனிசிபல் பள்ளிக்கும் டாக்டர்கள் வருகிறார்கள். ஆனால் அன்று வகுத்த பட்டியலில் இருந்த ஒன்பது பிறவிக் குறைகளைப் பாருங்கள்: முதுகுத்தண்டு, உதடு, பாதம், இடுப்பு, கண், காது, இதயம் எல்லாம் உண்டு. இறங்காத விதை இல்லை. இடம் மாறிய சிறுநீர்த் துவாரம் இல்லை. அரசாங்கத்துக்கும் நம் வீட்டு மாமியாரைப் போலவே கூச்சம் போலிருக்கிறது. பட்டியலில் இல்லாததை யாரும் எண்ண மாட்டார்கள். எண்ணாததற்குச் சான்று கிடையாது. சான்று இல்லை என்பதால் நாளை இன்னொரு கம்பெனிக்குச் சந்தேகத்தின் பலன் கிடைக்கும்.

அந்தப் படிவத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லி நம் கிளைகள் அந்தந்த ஊர் மாநகராட்சிக்கும் மாநில சுகாதார அமைச்சருக்கும் எழுத வேண்டும். கூடவே மூன்றாவதாக ஒரு வரி: கர்ப்ப காலத்தில் தாய் என்னென்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று, அவளுக்குத் தெரிந்த பாஷையில், அதட்டாமல் கேட்டு எழுதுவதற்கு. செலவு அதிகமில்லை. குழந்தையின் அரைஞாணை விலக்கி, இரண்டு விரலால் தொட்டுப் பார்க்க டாக்டருக்கு அரை நிமிஷம் போதும்.